நிலவும் வால்வெள்ளியும்: ஆர்வலர் ஒளிப்படக்கலையின் வரலாறு

இரவு வானத்துப் பொருள்களில் முதலில் ஒளிப்படத்தில் பதிந்தது நிலவு. அது நடந்தது 1840இல். வால்வெள்ளி ஒன்று படத்தில் பதிய அதன்பின் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. இவ்விரண்டையும் படமெடுக்கும் வழிமுறைகளில் பெரும்பங்கைக் கண்டறிந்தவர்கள் வானியலைப் பிழைப்பாகக் கொண்டவர்கள் அல்லர். வேதியியல் பேராசிரியர், காகித வணிகர், வழக்கறிஞர், கடிகார வணிகர், ஊரில் ஸ்டூடியோ வைத்திருந்த படப்பிடிப்பாளர் எனப் பல தொழில்களைச் சேர்ந்தவர்கள் தத்தம் கைத்திறனை வானத்தின் மீது திருப்பினார்கள். வானாய்வகங்கள் பல முறை அவர்கள் காட்டிய வழியில்தான் நடந்தன.

இந்த வரலாறு இரண்டு தடங்களில் ஓடுகிறது. காரணம், நிலவும் வால்வெள்ளியும் கேமராவிடம் எதிரெதிரானவற்றைக் கேட்கின்றன. நிலவு ஒளி மிகுந்தது. ஆனால் வானத்தில் அதன் அகலம் அரைப் பாகைதான். லென்ஸின் குவியத் தொலைவில் ஏறத்தாழ 110இல் ஒரு பங்கே தகட்டில் விழும் நிலவின் விட்டம். ஒரு மீட்டர் குவியத் தொலைவுள்ள தொலைநோக்கியில்கூட அது 9 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாகவே இருக்கும். ஆகவே நிலவுக்கு நீண்ட குவியத் தொலைவு வேண்டும், அசையாத நிலைப்பு வேண்டும், சலனமற்ற காற்று வேண்டும். வால்வெள்ளியோ மங்கலானது. அதன் வால் பல பாகைகளுக்கு நீண்டு கிடக்கும். நட்சத்திரங்களுக்கு நடுவே அது தானும் நகர்ந்துகொண்டிருக்கும். அதற்குக் குறுகிய குவியத் தொலைவும் பெரிய திறப்பும் கொண்ட லென்ஸும் நீண்ட ஒளிபடு நேரமும் தேவை. நிலவுக்குக் கூர்மை, வால்வெள்ளிக்கு ஒளிவேட்கை என்ற இந்த வேறுபாடுதான் பின்வந்த ஒவ்வொரு கண்டுபிடிப்பையும் நடத்திச் சென்றது.

வெள்ளித் தகட்டில் நிலவு

பிரான்சில் லூயி டாகுவேர் தம் ஒளிப்பட முறையை 1839இல் வெளியிட்டார். மெருகேற்றிய வெள்ளித் தகட்டை அயோடின் ஆவியில் காட்டி, கேமராவில் ஒளிபட வைத்து, பாதரச ஆவியில் உருவத்தை வெளிக்கொணரும் முறை அது. நிலவையும் அதில் பதிக்க முயன்றார்கள். கிடைத்தது உருவம் தெளியாத ஒரு ஒளித்தடம் மட்டுமே. பூமியின் சுழற்சியால் நிலவு தன் அகலம் அளவுக்கு நகர இரண்டு நிமிடங்களே போதும். அக்காலத் தகடுகளுக்கோ அதைவிடப் பல மடங்கு நேரம் வேண்டியிருந்தது.

இந்தத் தடையைத் தாண்டியவர் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் வேதியியல் கற்பித்த ஜான் வில்லியம் டிரேப்பர். நகரும் நிலவின் ஒளியைக் கண்ணாடியால் ஒரே திசையில் திருப்பி நிறுத்தும் கருவியைப் பயன்படுத்தி, 20 நிமிடம் ஒளிபட வைத்து, நிலவின் உருவத்தைத் தகட்டில் பெற்றார். 1840 மார்ச்சில் நியூயார்க் இயற்கை வரலாற்றுக் கழகத்தில் அதை அறிவித்தார். நிலவின் கரும்பரப்புகளைப் பிரித்தறியும் அளவுக்கு அந்தப் படம் அமைந்தது. வானியலாளர் எவரும் அதில் உதவவில்லை. தகட்டின் வேதியியலை அவர் அறிந்திருந்ததே வெற்றிக்குப் போதுமானதாக இருந்தது.

அடுத்த அடி பாஸ்டன் நகரில் எடுத்து வைக்கப்பட்டது. அங்கே மனிதர்களை உருவப்படம் எடுக்கும் தொழில் செய்துவந்த ஜான் ஆடம்ஸ் விப்பிள், ஹார்வர்டு வானாய்வக இயக்குநர் வில்லியம் பாண்டுடன் சேர்ந்து, அங்கிருந்த 15 அங்குலத் தொலைநோக்கியில் தகடுகளைப் பொருத்தினார். 1850 ஜூலையில் வேகா நட்சத்திரம் பதிந்தது. சூரியனைத் தவிர வேறொரு நட்சத்திரம் படத்தில் பதிந்தது அதுவே முதல் முறை. அவர் எடுத்த நிலவுப் படம் 1851இல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சிக்குப் போய்ப் பரிசு பெற்றது. அதைப் பார்த்தவர்களில் ஒருவர் வாரன் டி லா ரூ.

ஈரத் தகட்டின் காலம்

டி லா ரூ காகிதமும் அச்சுப் பொருள்களும் விற்கும் குடும்ப நிறுவனத்தை நடத்தியவர். 13 அங்குலக் குழியாடியைத் தாமே தேய்த்து மெருகேற்றி, லண்டன் கேனன்பரியில் தம் வீட்டுத் தோட்டத்தில் தொலைநோக்கி நிறுவியிருந்தார். 1851இல் பிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட கொலோடியன் ஈரத் தகட்டு முறை அவர் கைக்கு வந்தது. கண்ணாடியில் கொலோடியன் பூசி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் நனைத்து, ஈரம் காயும் முன்பே படமெடுத்துக் கழுவி முடிக்க வேண்டும். பழைய வெள்ளித் தகட்டைவிட அது வேகமானது. நிலவுக்குச் சில வினாடிகள் முதல் அரை நிமிடம் வரை போதுமானதாக இருந்தது.

அந்தச் சில வினாடிகளுக்கும் நிலவைப் பின்தொடர வேண்டும். டி லா ரூவின் தொலைநோக்கியில் முதலில் கடிகாரப் பொறி இல்லை. 1852இல் தகட்டுச் சட்டத்தைக் கையால் நகர்த்தி நிலவோடு ஓட்டினார். அது கடினமான வேலை என்று கண்டு இடையில் நிறுத்தினார். 1857இல் கிரான்ஃபோர்டுக்கு இடம்பெயர்ந்து கடிகாரப் பொறியைப் பொருத்திய பிறகே நுண்விவரம் மிகுந்த படங்கள் கிடைத்தன. நிலவு பூமியை நோக்கிச் சற்றே அசைந்தாடுவதால் அதன் விளிம்புகள் மாதத்துக்கு மாதம் சிறிது மாறித் தெரியும். இதைப் பயன்படுத்தி, வெவ்வேறு காலத்தில் எடுத்த இரு படங்களை அருகருகே வைத்து, உருண்டையாகத் தோன்றும் முப்பரிமாண நிலவுப் படங்களையும் அவர் உருவாக்கினார். 1862இல் இங்கிலாந்தின் ராயல் வானியல் கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்தது.

நியூயார்க்கில் வழக்கறிஞர் தொழிலை விட்டு வானியலுக்கு வந்த லூயிஸ் ரதர்ஃபர்ட் வேறொரு சிக்கலைத் தீர்த்தார். அன்றைய தகடுகள் நீலத்தையும் ஊதாவையும் மட்டுமே உணர்ந்தன. தொலைநோக்கி லென்ஸுகளோ கண்ணுக்கு நன்கு தெரியும் மஞ்சள் ஒளியைக் குவிக்கும்படி தேய்க்கப்பட்டிருந்தன. கண்ணுக்குத் துல்லியமாகத் தெரிந்த நிலவு தகட்டில் மங்கலாகப் பதிந்ததற்கு இதுவே காரணம். 1864இல் நீல ஒளிக்கென்றே திருத்தப்பட்ட 11¼ அங்குல லென்ஸை அவர் அமைத்தார். 1865இல் அதில் எடுத்த நிலவுப் படங்கள் பல ஆண்டுகளுக்கு மிகச் சிறந்தவையாகக் கருதப்பட்டன. ஜான் டிரேப்பரின் மகன் ஹென்றி, ஹட்சன் ஆற்றங்கரையில் தாமே செய்த 15½ அங்குல எதிரொளிப்புத் தொலைநோக்கியில் ஏறத்தாழ 1500 நிலவுத் தகடுகளை எடுத்தார். குழியாடி எல்லா நிறங்களையும் ஒரே புள்ளியில் குவிப்பதால் ரதர்ஃபர்ட் எதிர்கொண்ட சிக்கல் அவருக்கு எழவில்லை.

இத்தனைக்குப் பிறகும் கண் காணும் நுட்பம் தகட்டில் முழுமையாக இறங்கவில்லை. ஒளிபடும் அந்தச் சில வினாடிகளில் காற்றின் துடிப்பு உருவத்தை அழித்துவிடும். கண்ணோ காற்று அமைதியுறும் நொடிகளைப் பிடித்துக்கொள்ளும். நீராவிச் சம்மட்டியைக் கண்டுபிடித்த பொறியாளர் ஜேம்ஸ் நாஸ்மித், ஜேம்ஸ் கார்ப்பென்டருடன் சேர்ந்து 1874இல் நிலவைப் பற்றிய நூலை வெளியிட்டபோது, தொலைநோக்கியில் கண்டதைக் கொண்டு சுண்ணத்தில் மாதிரிகள் செய்து, அவற்றைச் சாய்வொளியில் படமெடுத்துப் பக்கங்களை நிரப்பினார். காற்றை வெல்லும் வழி கிடைக்க அதன்பின் நூறாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

ஸ்டூடியோ லென்ஸும் டொனாட்டியின் வால்வெள்ளியும்

1858 ஜூனில் ஃபுளோரன்ஸ் நகரில் ஜியோவானி டொனாட்டி ஒரு வால்வெள்ளியைக் கண்டார். செப்டம்பர் இறுதியில் அது வளைந்த வாலுடன் ஐரோப்பிய மாலை வானை ஆண்டது. நிலவுப் படங்களில் கைதேர்ந்த டி லா ரூ அதைப் பதிக்க முயன்று தோற்றார். செப்டம்பர் 27 அன்று இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில் உருவப்படத் தொழில் செய்துவந்த வில்லியம் அஷர்வுட், திறந்த வெளியில் தம் ஸ்டூடியோ கேமராவை நிறுத்தி, ஏழே வினாடிகளில் வால்வெள்ளியின் தலையையும் வாலின் ஒரு பகுதியையும் பதித்தார். மறுநாள் ஹார்வர்டில் ஜார்ஜ் பாண்ட் 15 அங்குலத் தொலைநோக்கியில் ஆறு நிமிடம் ஒளிபட வைத்தும், பதிந்தது தலையின் ஒளிமிக்க நடுப்பகுதி மட்டுமே.

பெரிய கருவி தோற்றதும் சிறிய கருவி வென்றதும் தற்செயல் அல்ல. வால்வெள்ளி போன்று பரந்த பொருளைப் படமெடுக்கும்போது, தகட்டில் விழும் ஒளியின் செறிவைத் தீர்மானிப்பது லென்ஸின் விட்டம் மட்டும் அன்று; குவியத் தொலைவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதமே. உட்கார்ந்திருப்பவர் அசைவதற்குள் படமெடுத்து முடிக்க வேண்டிய உருவப்படத் தொழிலுக்காக அஷர்வுட்டின் லென்ஸ் எஃப்/2.4 என்ற விகிதத்தில் செய்யப்பட்டிருந்தது. ஹார்வர்டு தொலைநோக்கியின் நீண்ட குழாயோடு ஒப்பிட்டால், அது தகட்டின் ஒவ்வொரு புள்ளியிலும் முப்பது மடங்குக்கும் மேலான ஒளியைச் சேர்த்தது. உலகின் முதல் வால்வெள்ளிப் படம் ஒரு ஸ்டூடியோக்காரரின் அன்றாடக் கருவியில் கிடைத்தது. அந்தத் தகடு இன்று இல்லை. ஆனால் அது கற்பித்த பாடம் நிலைத்தது: வால்வெள்ளிக்கு ஏற்றது உருவப்பட லென்ஸ்.

உலர் தகடும் 1882இன் பெருவால்வெள்ளியும்

ஈரத் தகட்டில் ஒளிபடு நேரத்துக்கு ஓர் எல்லை இருந்தது. காய்ந்தால் அது பயன்படாது. 1871இல் ரிச்சர்ட் லீச் மேடக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர், வெள்ளி புரோமைடை ஜெலட்டினில் கலந்து பூசும் உலர் தகட்டை முன்வைத்தார். பத்தாண்டுகளில் அது ஈரத் தகட்டைவிட வேகமும் கொண்டது. மணிக்கணக்கில் ஒளிபட வைக்கவும் இடம் தந்தது. 1881இல் ஆஸ்திரேலிய ஆர்வலர் ஜான் டெபட் கண்டுபிடித்த வால்வெள்ளியை, பாரிஸ் அருகே மியூடானில் ஜூல்ஸ் ஜான்செனும் அமெரிக்காவில் ஹென்றி டிரேப்பரும் உலர் தகட்டில் வாலோடு பதித்தனர். 

1882 செப்டம்பரில் பட்டப்பகலில் சூரியனுக்கு அருகிலேயே தெரியும் அளவுக்கு ஒளிர்ந்த வால்வெள்ளி ஒன்று தோன்றியது. தென்னாப்பிரிக்காவின் கேப் வானாய்வகத்தை அப்போது நடத்தியவர் டேவிட் கில். அபர்டீனில் குடும்பத்தின் கடிகார வணிகத்தைக் கவனித்துக்கொண்டே வானியல் பயின்றவர். 1869இல் அவர் எடுத்த நிலவுப் படமே அவரை வானியல் பணிக்குள் அழைத்து வந்தது. ஆனால் கேப் வானாய்வகத்தில் வால்வெள்ளியைப் பதிக்க ஏற்ற கேமரா இல்லை. பக்கத்து ஊரான மௌப்ரேயில் ஸ்டூடியோ வைத்திருந்த ஆலிஸ் என்பவரை அவர் உதவிக்கு அழைத்தார். 2½ அங்குலத் திறப்பும் 11 அங்குலக் குவியத் தொலைவும் கொண்ட ராஸ் லென்ஸ் பொருத்திய ஆலிஸின் கேமரா, வானாய்வகத் தொலைநோக்கியின் மேல் கட்டப்பட்டது. கடிகாரப் பொறி தொலைநோக்கியைச் சுழற்ற, வால்வெள்ளியின் தலையைக் குறுக்குக்கம்பியில் பிடித்துக்கொண்டே இரண்டு மணி நேரத்துக்கு மேலும் ஒளிபட வைத்தார்கள்.

படங்களில் வால்வெள்ளிக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான நட்சத்திரங்கள் பதிந்திருந்தன. வானம் முழுவதையும் இப்படியே ஒளிப்படத்தால் வரைபடமாக்கலாம் என்று கில் கண்டார். அவரும் நெதர்லாந்தின் கப்டைனும் சேர்ந்து 4,54,875 தென்வான நட்சத்திரங்களின் அட்டவணையை உருவாக்கினர். 1887இல் பாரிஸில் கூடிய மாநாடு, பல நாட்டு வானாய்வகங்கள் சேர்ந்து வானத்தைப் படமெடுக்கும் பெருந்திட்டத்தைத் தொடங்கியது. நவாப் ஜாபர் ஜங் என்ற ஆர்வலர் 1901இல் நிறுவிய ஹைதராபாத் நிஜாமியா வானாய்வகமும் பின்னர் அதில் ஒரு பகுதியை ஏற்றுச் செய்தது.

அந்த வானாய்வகத்தின் ஊழியர் ஒருவருக்கு மகனாகச் சென்னையில் 1927இல் பிறந்தவர் வைணு பாப்பு. மாணவப் பருவத்திலேயே ஹைதராபாத்தில் மாறொளி நட்சத்திரங்களைக் கவனித்து எழுதியவர். 1949இல் ஹார்வர்டில் ஆய்வு மாணவராக இருந்தபோது, தாம் எடுத்த ஒளிப்படத் தகட்டில் புதிய வால்வெள்ளி ஒன்றைக் கண்டார். பாப்பு–பாக்–நியூகிர்க் என்று அது பெயர் பெற்றது. திருப்பத்தூர் மாவட்டம் காவலூரில் உள்ள வானாய்வகம் இன்று அவர் பெயரில் இயங்குகிறது.

பர்னார்ட் கண்ட மாறும் வால்

வால்வெள்ளி ஒளிப்படத்தை முழுமையான ஆய்வு முறையாக்கியவர் எட்வர்ட் எமர்சன் பர்னார்ட். அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் வறிய குடும்பத்தில் பிறந்து, ஒன்பது வயது நிரம்பும் முன்பே ஸ்டூடியோ ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். படங்களைப் பெரிதாக்க உதவிய பெரிய கருவியைச் சூரியனை நோக்கியே இருக்கும்படி நாள் முழுதும் திருப்பிக்கொண்டிருப்பது அவர் வேலை. இரவில் சிறு தொலைநோக்கியால் வால்வெள்ளி தேடினார். புதிய வால்வெள்ளி ஒன்றுக்கு 200 டாலர் என்று அப்போது வழங்கப்பட்ட பரிசுத் தொகைகள், அவர் வீடு கட்டக் கைகொடுத்தன.

1888இல் லிக் வானாய்வகத்தில் பணியில் சேர்ந்த பிறகு, ஸ்டூடியோக்களில் பழகிய ஆறு அங்குல வில்லார்டு உருவப்பட லென்ஸைக் கொண்டு வானத்தைப் படமெடுத்தார். நட்சத்திரத்தைப் பின்தொடர்ந்தால் வால்வெள்ளி மங்கிப்போகும். வால்வெள்ளியைப் பின்தொடர்ந்தால் நட்சத்திரங்கள் கோடுகளாகும். அவர் வால்வெள்ளியைத் தேர்ந்தார். 1892இல் தோன்றிய ஸ்விஃப்ட் வால்வெள்ளியின் வால் ஒரே நாளில் உருமாறுவதையும், 1893இல் புரூக்ஸ் வால்வெள்ளியின் வால் சிதைந்து துண்டுகளாவதையும் அவர் படங்கள் காட்டின. கண் கொண்டு வரைந்த ஓவியங்கள் இதை ஒருபோதும் உறுதிப்படுத்தியிருக்க முடியாது. 1892 அக்டோபர் 12 அன்று அவர் தகட்டில் பதிந்திருந்த மங்கலான கீற்று, ஒளிப்படத்தால் கண்டுபிடிக்கப்பட்ட முதல் வால்வெள்ளியாயிற்று.

பிலிமும் கீல் பலகையும்

இருபதாம் நூற்றாண்டு தொடங்கும்போது நிலவுப் படத்தில் பெரிய வானாய்வகங்கள் முந்திக்கொண்டன. பாரிஸ் வானாய்வகம் 1896 முதல் 1910 வரை வெளியிட்ட நிலவுப் படத்தொகுப்பு அதற்குச் சான்று. 1960களில் விண்கலங்கள் நிலவை அருகிலிருந்தே படமெடுத்தன. ஆனாலும் ஆர்வலர் பணி நிற்கவில்லை. பிரான்சின் ஜார்ஜ் விஸ்கார்டி தம் சொந்தத் தொலைநோக்கியால் எடுத்த படங்களைக் கொண்டு 1985இல் விரிவான நிலவுப் படநூலை வெளியிட்டார்.

ஆர்வலர்களின் பெரிய தடை, கேமராவைச் சுழற்றும் கருவியின் விலை. ஸ்காட்லாந்தின் ஜார்ஜ் ஹேக் 1970களில் அதற்கு மலிவான விடை தந்தார். இரண்டு பலகைகளைக் கீலால் இணைத்து, கீலின் அச்சை வானத் துருவத்தை நோக்கி நிறுத்தி, ஒரு திருகால் மேல் பலகையைப் புத்தக அட்டையைப் போல மெல்லத் திறக்க வேண்டும். மேலே கேமரா இருக்கும். ஒரு மில்லிமீட்டர் புரியிடைவெளி உள்ள திருகைக் கீலிலிருந்து சுமார் 229 மில்லிமீட்டர் தள்ளி அமைத்து, நிமிடத்துக்கு ஒரு சுற்று திருகினால், பலகை வானத்தின் வேகத்திலேயே திறக்கும். தச்சுப்பட்டறைப் பொருள்களால் செய்த இக்கருவியில் சாதாரண லென்ஸுடன் சில நிமிடங்கள் ஒளிபட வைக்கலாம்.

பிலிமுக்கும் ஒரு குறை இருந்தது. மங்கிய ஒளியில் நேரம் நீள நீள அதன் உணர்திறன் தேய்ந்துகொண்டே போகும். இதை எதிர்கொள்ள, கோடாக்கின் டெக்னிக்கல் பான் பிலிமை நைட்ரஜனும் சிறிதளவு ஹைட்ரஜனும் கலந்த வாயுவில் மிதமான சூட்டில் வைத்துப் பதப்படுத்தினார்கள். 1986இல் ஹாலி வால்வெள்ளி திரும்பியபோது, உலகளாவிய கண்காணிப்புத் திட்டம் ஆர்வலர்களுக்கென்றே ஒரு பிரிவை அமைத்து அவர்களின் படங்களைத் திரட்டியது. 1996 மார்ச்சில் பூமிக்கு ஏறத்தாழ 1.5 கோடி கிலோமீட்டர் அருகில் கடந்த ஹயகுடேக், வெறுங்கண்ணுக்குப் பதினெட்டு மாதங்கள் தெரிந்த ஹேல்–பாப் ஆகிய இரண்டும் பிலிம் காலத்தின் கடைசிப் பெரும் வால்வெள்ளிகள். முக்காலியில் நிறுத்திய கேமராவில் அரை நிமிடத்திலேயே பதிந்ததால், ஹேல்–பாப் தொலைநோக்கி இல்லாதவர்களையும் வான ஒளிப்படக்காரர்களாக்கியது.

டிஜிட்டல் காலம்

நாஸ்மித்தைத் தடுத்த காற்றின் துடிப்புக்கு 2000ஆம் ஆண்டையொட்டி எளிய விடை கிடைத்தது. கணினியில் முகம் காட்டிப் பேசப் பயன்பட்ட மலிவான வெப் கேமராவைத் தொலைநோக்கியில் பொருத்தி, நிலவை ஆயிரக்கணக்கான சட்டங்களாகப் பதிவுசெய்தார்கள். ஒவ்வொரு சட்டமும் வினாடியில் சிறு பங்கே நீடிப்பதால், காற்று அமைதியாக இருந்த நொடிகள் சிலவற்றில் சிக்கும். கூர்மையானவற்றை மட்டும் தேர்ந்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திச் சராசரி கண்டால், இரைச்சல் நீங்கி நுண்விவரம் எழும். 2002இல் நெதர்லாந்தின் கோர் பெரிவோட்ஸ் இலவசமாக வழங்கிய ரெஜிஸ்டாக்ஸ் மென்பொருள் இந்த முறையை உலகெங்கும் பரப்பியது. இன்று வீட்டு மாடியில் உள்ள 20 சென்டிமீட்டர் தொலைநோக்கி தரும் நிலவுப் படம், தரையிலிருந்து பெரும் வானாய்வகங்கள் தகட்டில் எடுத்த பழைய படங்களை நுட்பத்தில் விஞ்சுகிறது.

நிலவின் இருண்ட பகுதியையும் ஆர்வலர்கள் படம்பிடித்தார்கள். 1999 நவம்பர் 18 அன்று லியோனிட் விண்கல் மழையின்போது, அமெரிக்க ஆர்வலர்கள் வெவ்வேறு இடங்களிலிருந்து எடுத்த வீடியோக்களில் ஒரே ஒளித்தெறிப்புகள் பதிந்திருந்தன. விண்கற்கள் நிலவில் மோதுவதை இப்படித் தனித்தனிப் பதிவுகளால் உறுதிசெய்தது அதுவே முதல் முறை.

பர்னார்ட் எதிர்கொண்ட தேர்வும் இப்போது இல்லை. பல குறுகிய சட்டங்களை எடுத்து, ஒருமுறை வால்வெள்ளியின் தலைக்கும் மறுமுறை நட்சத்திரங்களுக்கும் பொருத்தி அடுக்கினால் இரண்டுமே கூர்மையாகக் கிடைக்கும். கண்டுபிடிப்பிலும் ஆர்வலர்கள் முன்னின்றார்கள். 2007 மார்ச்சில் ஆஸ்திரேலியாவின் டெர்ரி லவ்ஜாய், கடையில் கிடைக்கும் கேனான் டிஜிட்டல் கேமராவால் ஒரு வால்வெள்ளியைக் கண்டார். 2011இல் அவர் கண்ட மற்றொன்று சூரியனின் மேற்பரப்புக்கு ஏறத்தாழ 1,40,000 கிலோமீட்டர் அருகில் சென்றும் மீண்டு வந்தது. 2019 ஆகஸ்ட் 30 அன்று கிரிமியாவில் கென்னடி போரிசோவ் தாமே உருவாக்கிய 65 சென்டிமீட்டர் தொலைநோக்கியால் கண்டது, வேறொரு நட்சத்திர மண்டலத்திலிருந்து வந்ததாக உறுதியான முதல் வால்வெள்ளி. 2023 ஆகஸ்டில் ஜப்பானின் ஹிடியோ நிஷிமுரா டிஜிட்டல் கேமராவாலும் 200 மில்லிமீட்டர் லென்ஸாலும் இன்னொன்றைக் கண்டார்.

இப்போது புதிய வால்வெள்ளிகளில் பெரும்பாலானவற்றை இரவுதோறும் வானத்தைத் துழாவும் தானியங்கித் தொலைநோக்கிகள் முந்திக் காண்கின்றன. ஆனால் விடியற்காலையிலும் மாலை மங்கலிலும் சூரியனை ஒட்டிய வானப்பகுதியை அவை போதிய அளவு பார்ப்பதில்லை. நிஷிமுராவின் வால்வெள்ளி அந்த இடைவெளியில்தான் சிக்கியது. ஒரு வாலின் வளர்ச்சியை நாள் தவறாமல் தொடர்வதற்கும் பல நாடுகளில், பல தீர்க்கரேகைகளில் விழித்திருக்கும் கண்கள் வேண்டும். டிரேப்பர், அஷர்வுட், ஆலிஸ் தொடங்கி நிஷிமுரா வரை இந்தக் கலை வளர்ந்த முறையும் அதுதான்: கையில் உள்ள கருவியை முழுதும் அறிந்தவர்கள், சம்பளம் எதிர்பாராமல், மற்றவர்கள் பார்க்காத இடத்தையும் நேரத்தையும் எடுத்துக்கொண்டார்கள்.